இரைச்சலுக்கு எதிர் இரைச்சல்

இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோனை முதன்முதலாக மாட்டிக்கொண்டு விமானத்தில் உட்காருகிறவருக்கு இரண்டு வியப்புகள் காத்திருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் எஞ்சினின் உறுமல் எங்கோ தொலைவுக்குப் போய்விடுகிறது. ஆனால் பின்வரிசையில் அழும் குழந்தையின் குரல் போகவில்லை. முன்பைவிடத் தெளிவாகக்கூடக் கேட்கிறது. இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியதில் ஏதோ பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. பழுது எதுவும் இல்லை. எந்த ஓசையை இந்தக் கருவியால் அழிக்க முடியும், எதை முடியாது என்பது புரிந்துவிட்டால், எதை வாங்குவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

ஓசை என்பது காற்றில் ஓடும் அழுத்த அலை. காற்று ஒரு கணம் நெருங்குகிறது, அடுத்த கணம் விலகுகிறது. இது நொடிக்கு 100 முறை நடந்தால் 100 ஹெர்ட்ஸ். எஞ்சின் உறுமல், ஜெனரேட்டர் சத்தம் போன்ற கனத்த ஓசைகள் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. ஹெட்ஃபோனின் வெளிப்புறத்தில் பொருத்திய சின்ன மைக் இந்த அலையைப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சிப் அதைத் தலைகீழாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. வெளியிலிருந்து வந்த அலை காற்றை நெருக்கும் அதே கணத்தில் ஸ்பீக்கர் அதை விலக்குகிறது. இரண்டும் காதின் வாசலில் சந்தித்து ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. ஆடும் ஊஞ்சலை எதிர்த் திசையில் தள்ளி நிறுத்துவது போன்ற வேலை இது. சரியான கணத்தில் கை வைத்தால் ஊஞ்சல் நிற்கும். கணம் தவறினால் அதே கை அதை இன்னும் வேகமாக ஆட்டிவிடும்.

அந்தக் கணக்கில்தான் குழந்தையின் அழுகை தப்பித்துக்கொள்கிறது. எதிர் அலை, ஓர் அலைச் சுற்றில் ஆறில் ஒரு பங்கு நேரம் தாமதித்தால் பயன் முழுவதும் போய்விடும். அதற்கும் மேல் தாமதித்தால் ஓசை கூடத் தொடங்கும். 100 ஹெர்ட்ஸ் ஓசைக்கு ஒரு சுற்று 10 மில்லிநொடி. ஆறில் ஒரு பங்கு என்றால் ஒன்றரை மில்லிநொடிக்கும் சற்று மேல். சிப்புக்கு அது தாராளமான அவகாசம். 4000 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றே கால் மில்லிநொடிதான். கிடைக்கும் அவகாசம் 0.04 மில்லிநொடி. அந்த நேரத்தில் ஓசை காற்றில் ஒன்றரை சென்டிமீட்டர்கூட நகராது. குழந்தையின் அழுகையில் காதைத் துளைக்கும் பகுதி 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே கிடக்கிறது. போதாக்குறைக்கு அந்த அழுகை ஏறி இறங்கி, நின்று, மறுபடி வெடிக்கும். ஒரே சீராக ஓடும் உறுமலில் அடுத்த கணம் என்ன வரும் என்று ஊகிக்கலாம். அழுகையில் அது நடக்காது.

நம் வீட்டு ஓசைகளை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். மாவு அரைக்கும் கிரைண்டரின் கடமுடா பெருமளவு அடங்கிவிடும். மிக்ஸியின் கிறீச்சிடல் கொஞ்சம்தான் குறையும். ஏசியின் ரீங்காரம், பக்கத்துக் கடை ஜெனரேட்டர், அரசுப் பேருந்தின் எஞ்சின், ரயில் சக்கரத்தின் தாழ்ந்த உருளல் எல்லாம் அடங்கும். குக்கர் விசில், லாரியின் ஏர் ஹாரன், அடுத்த இருக்கைக்காரரின் கைபேசி உரையாடல் ஆகியவற்றை எதிர் அலை அதிகம் தொடுவதில்லை. அவற்றைப் பெரும்பாலும் மட்டுப்படுத்துவது காதை மூடும் மெத்தையும் ரப்பரும்தான். உயர்ந்த ஓசைகளின் அலைநீளம் குறைவு. பஞ்சும் பிளாஸ்டிக்கும் அவற்றை எளிதில் மறித்துவிடும். தாழ்ந்த ஓசைகள் அவற்றை ஊடுருவி வந்துவிடும். எனவே நல்ல ஹெட்ஃபோன் என்பது தாழ்ந்த ஓசையில் மின்னணுவியலும் உயர்ந்த ஓசையில் மெத்தையும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. மெத்தை மோசமாக இருந்தால் எந்தச் சிப்பும் காப்பாற்றாது.

ஓசையை ஓசையால் கொல்லும் எண்ணம் ஹெட்ஃபோனைவிட மிகப் பழையது. பால் லூக் என்ற ஜெர்மானியர் இதற்கு 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். எண்ணம் சரி, அதை நிறைவேற்றும் மின்னணுவியல் அன்று இல்லை. வேறொரு தடையும் இருந்தது. திறந்த வெளியில் அமைதி பிறக்கும் வட்டம் மிகச் சிறியது. அது அலைநீளத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அகலமே இருக்கும். 1000 ஹெர்ட்ஸுக்கு அது மூன்றரை சென்டிமீட்டர்கூடத் தேறாது. ஓர் அறை முழுவதையும் இப்படி அமைதியாக்க முடியாததற்கு இதுவே காரணம். காதுத் துளைக்கு முன்னால் உள்ள சிறு இடத்தில் மட்டும் அமைதியை உண்டாக்கலாம். அந்த இடம் போதுமே! 1950களில் லாரன்ஸ் ஃபோகல் என்பவர் ஹெலிகாப்டர், விமான ஓட்டிகளுக்காக இந்த வழியில் பல காப்புரிமைகளைப் பெற்றார்.

அதைப் பொதுமக்களின் காதுவரை கொண்டுவந்தவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் அமர் போஸ். கல்கத்தாவில் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, ஆங்கிலேய அரசிடமிருந்து தப்பி அமெரிக்கா போன நோனி கோபால் போஸின் மகன் அவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்துகொண்டே 1964இல் தன் பெயரில் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கினார். 1978இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் எஞ்சின் இரைச்சலை மீறி இசை கேட்கவில்லை. இறங்குவதற்குள் அடிப்படைக் கணக்குகளைத் தாளில் போட்டுவிட்டார். கணக்கு சில மணி நேரத்தில் முடிந்தது. கருவி உருவாகப் பத்தாண்டு ஆனது. இடையில் 1986இல், எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் ஓட்டிகள் இருவரும் அந்தக் கருவியின் முன்மாதிரியை அணிந்திருந்தார்கள். அந்தச் சின்ன விமானத்தின் எஞ்சின் இரைச்சலில் அத்தனை நாள் இருந்தால் காது நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம் என்ற அச்சம் இருந்தது. இதே காலத்தில் ஜெர்மனியில் சென்ஹைசர் நிறுவனம் லுஃப்தான்சா விமான ஓட்டிகளுக்காகத் தனியாக உழைத்துக்கொண்டிருந்தது. 1989இல் போஸின் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. சாதாரணப் பயணிகளுக்கான போஸ் குவயட்கம்ஃபர்ட் வந்தது 2000இல். 2016இல் சோனி தன் 1000எக்ஸ் வரிசையைத் தொடங்கியது. 2019இல் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ இந்த நுட்பத்தைக் காதுக்குள் செருகும் சின்னக் குமிழுக்குள் அடக்கியது.

இந்த வரலாற்றில் காதைக் காப்பாற்றும் கவலையும் உண்டு. வாங்கும்போது நாம் மறந்துவிடுவது இதைத்தான். தாழ்ந்த ஓசைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: தனக்கு மேலே உள்ள ஓசைகளையும் அது மறைத்துவிடும். எஞ்சின் உறுமலுக்கிடையில் பாட்டு கேட்க வேண்டுமானால் ஒலியளவை ஏற்றத்தான் வேண்டியிருக்கும். விமானத்துக்குள் இரைச்சல் பொதுவாக 80 டெசிபலைத் தாண்டும். அதை மீறிப் பாட்டைத் தெளிவாகக் கேட்க நாம் 90ஐ நெருங்குகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலில் வாரத்துக்கு நான்கே மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. தினமும் ஒரு மணி நேரம் பேருந்தில் போய் வருகிறவர் நான்கு மணி நேரத்தை வாரம் முடிவதற்குள் தாண்டிவிடுவார். உட்காதின் மயிர்ச் செல்கள் ஒரு முறை அழிந்தால் மனிதரிடம் மறுபடி முளைப்பதில்லை. உறுமலை 20 டெசிபல் குறைத்துவிட்டால், அதாவது அலையின் அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்காக்கிவிட்டால், பாட்டை ஏற்ற வேண்டிய தேவையே போய்விடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, நாள்தோறும் இரைச்சலில் பயணம் செய்கிறவர்களுக்கு இந்தச் செலவு தகும் என்று உறுதியாகச் சொல்வேன். வாங்கிய பிறகும் பழைய அளவிலேயே கேட்டுக்கொண்டிருந்தால் பணம் வீண்.

இசை ரசிகர்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பேருந்து எஞ்சின் உறுமும் வட்டாரமும் அதுவே. சாதாரண இயர்போனில் இளையராஜாவின் பாடலைப் பயணத்தில் கேட்கிறவருக்கு, அவர் அவ்வளவு அக்கறையோடு அமைத்த பேஸ் கிட்டார் ஓட்டம் கிடைப்பதே இல்லை. குரலும் வயலினும் மட்டும் வருகின்றன. கச்சேரி கேட்டால் மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும், தாழ்ந்து ஒலிக்கும் தொப்பி காணாமல் போகும். உறுமல் நீங்கியதும் அடித்தளம் திரும்பி வருகிறது.

கடைக்குப் போனால் முதலில் தடுக்கி விழ வைப்பது இரண்டு சுருக்கங்கள். ஏ.என்.சி. என்று போட்டிருந்தால், நாம் இதுவரை பேசிய எதிர் அலை வேலை. ஈ.என்.சி. என்று போட்டிருந்தால் அது நம் காதுக்கானது அன்று. நாம் தொலைபேசியில் பேசும்போது சுற்றுச் சத்தம் எதிர்முனைக்குப் போகாமல் மைக்கைச் சுத்தம் செய்யும் வசதி. விலை குறைந்த பல இயர்பட்ஸ்களில் இருப்பது இரண்டாவது மட்டும்தான். பெட்டியில் அது பெரிய எழுத்தில் இருக்கும். பேருந்தில் ஏறிய பிறகுதான் ஏமாற்றம் தெரியும். டெசிபல் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ‘45 டெசிபல் வரை’ என்பது, எந்த ஓர் அலைவரிசையில் கருவி மிக நன்றாக வேலை செய்கிறதோ அந்த ஒரு புள்ளியின் எண்ணாக இருக்கலாம். மற்ற இடங்களில் அது எவ்வளவு இறங்குகிறது என்று பெட்டி சொல்லாது. வெளியே ஒரு மைக், உள்ளே மிச்சத்தை அளந்து திருத்தும் இன்னொரு மைக் என்று இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று கேட்பது அதைவிடப் பயனுள்ளது.

தலைமேல் அணியும் பெரிய ஹெட்ஃபோனா, காதுக்குள் செருகும் இயர்பட்ஸா? நீண்ட விமானப் பயணம், அலுவலகத்தில் மணிக்கணக்கான வேலை என்றால் பெரியதுதான் நல்லது. ஒரு முறை சார்ஜ் செய்தால் நல்ல ஹெட்ஃபோன்கள் 24 முதல் 30 மணி நேரம்வரை ஓடும். பலவற்றில் வயர் செருகும் துளையும் உண்டு. இருக்கைத் திரையில் படம் பார்க்க அது வேண்டும். மடிகிறதா என்று பாருங்கள். சோனியின் 1000எக்ஸ் வரிசையில் நான்காவது மாடல் மடியும், ஐந்தாவது மடியாது, ஆறாவதில் மறுபடி மடக்கும் வசதி வந்திருக்கிறது. பையில் இடம் குறைந்தவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் மே மாதத்துச் சென்னையில் காதைச் சுற்றி மெத்தையை வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் நிற்பது கொடுமை. செயற்கைத் தோல் வியர்வையில் ஊறி உரியத் தொடங்கும். ஆகவே அந்த மாடலுக்கு மாற்று மெத்தை கிடைக்கிறதா என்பதை வாங்கும் முன்பே விசாரிக்க வேண்டும். தினசரி ஓட்டத்துக்கு இயர்பட்ஸ் வசதி. அதன் பலவீனம் பேட்டரி. பட்டாணி அளவு பேட்டரியை நாள்தோறும் ஏற்றி இறக்கினால் சில ஆண்டுகளில் அதன் ஆயுள் தேய்ந்துவிடும். பெரும்பாலானவற்றில் அதை மாற்றவும் முடியாது. விலை உயர்ந்த இயர்பட்ஸ் வாங்குமுன் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜன்னலோரக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பெரும்பாலான பயணங்கள் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் நடக்கின்றன. காற்று வெளி மைக்கின் மீது மோதும்போது அங்கே ஒரு கொந்தளிப்பு ஓசை பிறக்கிறது. அந்த ஓசை காதுவரை வருவதே இல்லை. ஆனாலும் சிப் அதற்கும் எதிர் அலையை உண்டாக்கி அனுப்புகிறது. இல்லாத ஓசைக்கு வந்த எதிர் ஓசை, புஸ்புஸ்ஸென்று நம் காதில் விழுகிறது. சில மாடல்களில் காற்றைக் குறைக்கும் தனி அமைப்பு உண்டு. அது வெளி மைக்கின் பங்கைக் குறைத்துவிடும். ஸ்லீப்பர் வகுப்பிலும் பேருந்திலும் அதிகம் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

வெளிச் சத்தத்தை உள்ளே விடும் அமைப்பும் கட்டாயம் இருக்க வேண்டும். அதே மைக்குகள் அப்போது வெளியுலகைப் பிடித்துக் காதுக்குள் ஒலிக்கும். நடைமேடை அறிவிப்பைக் கேட்க அது உதவும். ஆனால் சாலையைக் கடக்கும்போதும், தண்டவாளம் அருகிலும் அதையும் நம்ப வேண்டாம், கழற்றிவிடுங்கள். ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை வெறுங்காது சொல்வதுபோல் எந்தக் கருவியும் இன்னும் சொல்வதில்லை. இரு சக்கர வண்டி ஓட்டும்போது அணியவே கூடாது.

ப்ளூடூத்தில் எந்தக் குறிமுறை, எத்தனை கிலோபிட் என்ற விவாதத்தில் நான் அதிக நேரம் செலவிட மாட்டேன். பேருந்திலும் விமானத்திலும் அந்த வேறுபாடு காதுக்கு எட்டாது. அமைதியான அறையில் உட்கார்ந்து மட்டும் பாட்டு கேட்கிறவருக்கு இரைச்சல் நீக்கும் கருவியே தேவையில்லை. அதே பணத்தில் வயர் வைத்த நல்ல ஹெட்ஃபோன் வாங்கினால் பெரும்பாலும் இசை இன்னும் நன்றாக இருக்கும்.

கடையில் சோதிக்கும்போது பாட்டு போடாமல் சோதியுங்கள். ஏசிக்கு அருகில் நின்று இயக்கி, அணைத்து, மறுபடி இயக்கிப் பாருங்கள். சிலருக்கு அப்போது காது அடைத்ததுபோல் இருக்கும். காற்றழுத்தம் மாறுவதில்லை, தாழ்ந்த ஓசைகள் திடீரென்று இல்லாமல் போவதை மூளை அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு அப்படி இருந்தால், நீக்கத்தின் அளவைக் கூட்டிக் குறைக்க முடிகிற மாடலைத் தேர்ந்தெடுங்கள். பிறகு தலையைத் திருப்புங்கள், வாயை அசையுங்கள். உறுமல் விட்டுவிட்டு உள்ளே நுழைந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது. மூக்குக்கண்ணாடியின் கம்பி மெத்தையைத் தூக்கிக்கொண்டிருக்கலாம். மெல்லிய கம்பியும் மென்மையான மெத்தையும் சேர்ந்தால் அது சரியாகும். பெரிய தோடும் ஜிமிக்கியும் அணிகிறவர்கள் அவற்றோடே மாட்டிப் பார்க்க வேண்டும். இயர்பட்ஸ் என்றால் பெட்டியோடு வரும் ரப்பர் முனைகளை எல்லாம் போட்டுப் பாருங்கள். நடுத்தர அளவு ஏற்கனவே மாட்டியிருக்கும். பலர் அதை மாற்றுவதே இல்லை. பொருந்தாத முனையின் இடுக்கு வழியாக இரைச்சல் உள்ளே வரும், பாட்டின் தாழ்ந்த ஓசை வெளியே போய்விடும். மிருதங்கத்தின் தொப்பி கனமாகக் கேட்கும்வரை அளவை மாற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு காதுத் துளைகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. வலது காதுக்கு ஓர் அளவும் இடது காதுக்கு வேறோர் அளவும் போடலாம்.