மின் இணைப்புகளைக் காக்கும் தூரிகைப் பூச்சு

மழைக்காலத்தில் ஜீப்பின் விளக்கோ, டிராக்டரின் விளக்கோ மங்கிவிட்டால், பல்பையும் பாட்டரியையும் சந்தேகிப்பது வழக்கம். பல சமயங்களில் குறை இவ்விரண்டிலும் இல்லை. இடையிலுள்ள கம்பி இணைப்பிலேயே இருக்கிறது. ஈரமும் உப்பும் இணைப்பினுள் புகுந்தால் தாமிர இழைகளில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. களிம்பு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. 12 வோல்ட்டில் எரியும் 55 வாட் இழை விளக்கின் பாதையில் இவ்வாறு அரை ஓம் தடை சேர்ந்தால், ஏறத்தாழ 2 வோல்ட் இணைப்பிலேயே வீணாகும். விளக்கின் ஒளி ஏறத்தாழப் பாதியாகும். இணைப்பும் சுடத் தொடங்கும்.

இதைத் தடுக்கவே இணைப்புகளின் மீது நாடா சுற்றுகிறோம். நேரான கம்பியில் நாடா நன்கு பொருந்தும். கம்பி கிளை பிரியும் இடத்திலும் திருகாணி முனைகளிலும் மடிப்புகளுக்கிடையே சந்து விழுகிறது. அதன் வழியே நீர் உட்செல்கிறது. இத்தகைய இடங்களுக்கு ஏற்றது ‘லிக்விட் எலக்ட்ரிகல் டேப்’ என்னும் திரவப் பூச்சு. வினைல் அல்லது செயற்கை ரப்பர் போன்ற பொருளை, விரைவில் ஆவியாகும் கரைப்பானில் கரைத்து இதனைத் தயாரிக்கின்றனர். கரைப்பான் ஆவியானதும் வளையக்கூடிய தோல் ஒன்று இணைப்பைக் கவ்விக்கொண்டு எஞ்சி நிற்கிறது.

பூசும் முறை

முதலில் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். களிம்பு ஏறிய பகுதியை வெட்டி நீக்கி, பளபளக்கும் தாமிரத்தை முறுக்கி ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். பூச்சு இணைப்பைக் காக்குமேயன்றி, தளர்ந்த இணைப்பை இறுக்காது. எண்ணெயையும் ஈரத்தையும் முற்றிலும் துடைத்தபின், கம்பியின் உறை மீதும் சிறிது ஏறுமாறு மெல்லியதாகப் பூசுக. காய்ந்தபின் மறுமுறை பூசுக. கூரிய இழை நுனிகளில் பூச்சு மெலிந்துவிடும். ஆதலின் மூன்று அல்லது நான்கு பூச்சுகள் தேவை. முழுதும் உலர ஒரு நாள் விடுதல் நலம். கழற்றி மாட்டும் இணைப்பிகளின் உட்புறத்தில் பூசலாகாது. அங்கு பூச்சே மின்சாரத்தைத் தடுத்துவிடும்.

எச்சரிக்கை

கரைப்பானின் ஆவி எளிதில் தீப்பற்றும். சுவாசித்தால் தலைச்சுற்றல் உண்டாகும். திறந்த வெளியில், நெருப்பின்றி வேலை செய்க. புகைபோக்கிக் குழாயின் அருகே இதனை உபயோகிக்க வேண்டாம்.

இதனினும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. குறடு, திருப்புளி ஆகியவற்றின் பிடியில் இதனைப் பூசினால் பிடிமானம் கூடும். ஆனால் அவை மின்காப்புக் கருவிகள் ஆகிவிடா. 1,000 வோல்ட் வரை உபயோகிக்க அங்கீகரிக்கப்படும் கருவிகளை 10,000 வோல்ட்டில் சோதித்த பின்னரே வெளியிடுகின்றனர். தூரிகைப் பூச்சின் கனமோ இடத்திற்கு இடம் மாறுபடும். அவ்வாறே, 230 வோல்ட்டில் இயங்கும் துளைக்கருவியின் கம்பி உறை கிழிந்தால், பூசி ஒப்பேற்றாமல் கம்பியையே மாற்ற வேண்டும். கைக்கும் மின்சாரத்திற்கும் இடையே நிற்பது அந்த உறை ஒன்றே.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். இரண்டு தாமிர இணைப்புகளைச் செய்து, ஒன்றில் நாடா சுற்றி, மற்றதில் மூன்று முறை பூசி, உலர்ந்தபின் உப்பு நீரில் மூழ்க வைக்கவும். ஒரு வாரம் கழித்து இரண்டையும் பிரித்து, தாமிரத்தின் நிறத்தை மாணவர்களே ஒப்பிட்டுக் காணட்டும்.