எல்லை தாண்டும் வழி – 6: விசா வேண்டாத நாட்டுக்கு என்னென்ன வேண்டும்?

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து மாலே, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய நான்கு நகரங்களுக்கும் நேரடி விமானங்கள் உண்டு. தலைநகரவாசிகளோடு நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழர்களும் வெளிநாடு செல்ல இந்த நிலையத்துக்கே வருகிறார்கள். ஆனால் இந்த நான்கு நாடுகளும் இந்தியச் சுற்றுலாப் பயணியை நான்கு விதமாக நடத்துகின்றன. மாலத்தீவு, வந்து இறங்கியதும் கட்டணமின்றி அனுமதி தருகிறது. மலேசியா விசா கேட்பதில்லை. இலங்கைக்கு, 2012-இல் நடைமுறைக்கு வந்த ஈ.டி.ஏ. என்னும் மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே பெறுவது நல்லது. சிங்கப்பூருக்கோ விசா கையில் இல்லாமல் புறப்படவே முடியாது.

எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் பார்க்க வேண்டியது பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதி. தென்கிழக்கு ஆசிய நாடுகள் பொதுவாக, நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். குழந்தைகளுடையது ஐந்தே ஆண்டுகளுக்கு. குடும்பமாகப் பயணம் போகிறவர்கள் தங்கள் பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுடையதைக் கவனிக்காமல் விடுவது அதிகம். டிக்கெட் எடுக்கும் முன்பே எல்லோருடையதையும் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். புதுப்பிக்கச் சொந்த ஊருக்குப் போக வேண்டியதில்லை. 2018 முதல் நாட்டின் எந்தப் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். கன்னியாகுமரி மாவட்டம் மதுரை அலுவலகத்தின் எல்லைக்குள் இருந்தாலும், திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் குமரிக்காரர் இங்கேயே விண்ணப்பம் கொடுக்கலாம்.

அடுத்தது, விசா விலக்கோடு சேர்ந்து வரும் நிபந்தனைகள். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசாவின்றி அனுமதிக்கிறது. ஆனால் அந்நாட்டின் மின்னணு வருகை அட்டையை, போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். தாய்லாந்து 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு 30 நாள் விலக்கு அளித்தது. 2024 ஜூலையில் அதை 60 நாளாக உயர்த்தியது. 2025 மே மாதம் முதல் அங்கும் மின்னணு வருகை அட்டை கட்டாயம். மாலத்தீவுக்கு, புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் பயண அறிவிப்புப் படிவம் நிரப்ப வேண்டும். இந்தப் படிவங்களை அரசுத் தளங்களில் நிரப்பக் கட்டணம் கிடையாது. அதே தோற்றத்தில் போலித் தளங்கள் நடத்திப் பணம் கறப்பவர்கள் இருப்பதால், முகவரியைச் சரிபார்த்துவிட்டே விவரங்களைக் கொடுக்க வேண்டும்.

இந்த வரிசையில் அண்மையில் சேர்ந்த நாடு பிலிப்பைன்ஸ். 2025 ஜூன் முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகள் 14 நாள் வரை விசாவின்றித் தங்கலாம். அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஷெங்கன் நாடுகள், சிங்கப்பூர், பிரிட்டன் ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ வசிப்புரிமையோ இருந்தால் 30 நாள். இரண்டு பிரிவினருமே திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைக் காட்ட வேண்டும். பதிலுக்கு இந்தியா, 2025 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு பிலிப்பைன்ஸ் பயணிகளுக்கு இ-சுற்றுலா விசாவை இலவசமாக்கியது. இந்தியாவில் 2014 நவம்பரில் மின்னணு விசா முறை தொடங்கியபோது அதற்கு வாசல் திறந்த ஒன்பது விமான நிலையங்களில் திருவனந்தபுரமும் ஒன்று.

திருவனந்தபுரத்திலிருந்து பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவுக்குச் செல்ல இடையில் விமானம் மாற வேண்டும். ஒரே டிக்கெட்டில் போனால் பெட்டி தானாக அடுத்த விமானத்துக்கு மாறிவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தவர், இடையில் இறங்கிப் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க நேர்ந்தால், அந்த நாட்டுக்குள் நுழைந்தவராகிறார். மாறும் இடம் சிங்கப்பூர் என்றால் அதற்குத் தனி விசா வேண்டியிருக்கும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைவிட இழப்பு பெரிதாகிவிடும்.

ஆவணங்களை முதலில் சோதிப்பது இமிகிரேஷன் அதிகாரி அல்ல. விமான நிறுவனத்தின் கவுன்டர். தகுந்த ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் பல நாடுகள் நிறுவனத்துக்கே அபராதம் விதிக்கின்றன. அவரைத் திருப்பி அழைத்து வரும் பொறுப்பும் நிறுவனத்தின் தலையில்தான். அதனால் திரும்பும் டிக்கெட் இல்லாதவருக்கு போர்டிங் பாஸ் மறுக்கப்படலாம். அதற்கு அடுத்தது இந்திய இமிகிரேஷன். அதை விரைவில் முடிக்க உதவும் நம்பகப் பயணியர் திட்டம் 2025 செப்டம்பரில் திருவனந்தபுரத்துக்கும் வந்தது. முன்பதிவு செய்து கைரேகை கொடுத்தவர்கள் மின்னணு வாயில் வழியாகச் செல்லலாம். கடைசிச் சோதனை, போய் இறங்கும் நாட்டில். விசா விலக்கு என்பது உள்ளே நுழையும் உரிமை அல்ல. ஐயம் எழுந்தால் அங்குள்ள அதிகாரி திருப்பி அனுப்பலாம்.

சுற்றுலாவுக்குப் போவதும் வேலைக்குப் போவதும் ஒன்றல்ல. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இ.சி.ஆர்., அதாவது ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்னும் குறிப்பு இருக்கும். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்கள் அரசின் ஒப்புதல் பெற வேண்டும். சுற்றுலாவுக்கு அது தேவையில்லை. இந்த இடைவெளியில்தான் மோசடி முகவர்கள் புகுந்துகொள்கிறார்கள். “சுற்றுலாப் பயணியாகப் போங்கள், வேலை அங்கே காத்திருக்கிறது” என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் தாய்லாந்து வழியாக மியான்மரின் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கினார்கள். ஈரான் 2024 பிப்ரவரியில் இந்தியர்களுக்கு அளித்த விசா விலக்கை 2025 நவம்பரில் நிறுத்தியதற்கும், வேலை ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அங்கே கடத்தப்பட்டதே காரணம்.

விசா விலக்குகள் அறிவிப்பால் வந்தவை, அறிவிப்பால் போகக்கூடியவை. எனவே பயணம் செய்பவர், டிக்கெட் எடுக்கும் நாளிலும் புறப்படும் வாரத்திலுமாக இரு முறை அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிட வேண்டும். வேலை தருவதாகச் சொல்லிச் சுற்றுலாப் பயணியாக அனுப்ப முன்வரும் எவரையும் நம்பிப் புறப்படக் கூடாது.

(தொடரும்)