நெல் அறுவடையில் வேலைப்படம்

ஒரு வேலையில் காலமும் கூலியும் வீணாவது பெரும்பாலும் ஆட்களின் சோம்பலால் அன்று. பொருள் காத்துக் கிடப்பதாலும், இங்குமங்கும் வீணே சுமக்கப்படுவதாலுமேயாம். இவ்வீண் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. அதனைப் புலப்படுத்தும் சாதனமே வேலைப்படம்.

இம்முறையைப் பிராங்க் கில்பிரத், லில்லியன் கில்பிரத் என்னும் தம்பதிகள் 1921-ம் ஆண்டில் அமெரிக்க இயந்திர எஞ்சினீயர்கள் சங்கத்தின்முன் விளக்கினார்கள். 1947-ல் அச்சங்கம் ஐந்து குறிகளை நிலைப்படுத்திற்று. வட்டம் செய்கையையும், அம்பு இடம் பெயர்தலையும், சதுரம் சோதனையையும், அரைவட்டம் போன்ற குறி காத்திருத்தலையும், தலைகீழ் முக்கோணம் இருப்பு வைத்தலையும் குறிக்கும்.

ஆலைகளுக்கென ஏற்பட்ட இம்முறை பண்ணைக்கும் ஏற்றதே. அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணத்துப் பால் பண்ணை ஒன்றில் அன்றாட வேலைகளை இவ்வண்ணம் படிப்படியாக ஆராய்ந்து, வேலைகளின் வரிசையையும் சாமான்கள் இருக்கும் இடத்தையும் மாற்றியதில், நாளொன்றுக்குச் சுமார் 2 மணி நேரமும் 2 மைல் நடையும் மீந்தனவென 1943-ல் வெளியான அறிக்கை கூறுகிறது.

இனி, நேரடி கொள்முதல் நிலையத்துக்குச் செல்லும் நெல்லின் போக்கைப் படமாக வரைந்தால், பல இடங்களில் அது பின்வருமாறு அமையும்:

1. அறுவடை — வட்டம்
2. நிலையத்துக்கு ஏற்றிச் செல்லல் — அம்பு
3. முறை வரும்வரை குவியலாகக் கிடத்தல் — அரைவட்டம்
4. ஈரச் சோதனை — சதுரம்
5. ஈரம் மிகுந்திருப்பின் உலர்த்தல் — வட்டம்
6. மீண்டும் காத்திருத்தல் — அரைவட்டம்
7. மறு சோதனை — சதுரம்
8. தூற்றி, 40 கிலோ மூட்டைகளாக எடையிடல் — வட்டம்
9. கிடங்கில் சேர்த்தல் — முக்கோணம்

படத்தை நோக்கினால் குறை எங்குளது என்பது விளங்கும். கொள்முதலுக்குச் சாதாரணமாக அனுமதிக்கப்படும் ஈரம் 17 சதவிகிதம். இதனை அறியும் சோதனை, ஏற்றிச் சென்ற பின்னரே நடைபெறுகிறது. ஐப்பசி மழையில் குறுவை நெல் வெட்டவெளியில் ஓரிரவு நனைந்தாலும் குவியல் சூடேறி, நிறம் மாறி, முளை விடத் தொடங்கும். ஒரு போகத்து உழைப்பு முழுவதும் அவ்வரைவட்டத்திலேயே அழியக்கூடும்.

பரிகாரம் யாதெனில், சதுரத்தை அம்புக்கு முன்னே கொணர்தலேயாம். சொந்தக் களத்தில் நெல்லை மெல்லிதாகப் பரப்பி உலர்த்தி, தூற்றி, ஈரத்தைப் பார்த்த பின்னரே வண்டியில் ஏற்றவேண்டும். நெல்லைப் பதிவு செய்வதற்கு வேண்டிய சிட்டா, அடங்கல் நகல்களை அறுவடைக்கு முன்பே பெற்று வைத்தல் அவசியம். கிராம நிர்வாக அதிகாரிகள் அவற்றைக் காலத்தில் வழங்கினால் ஒரு காத்திருத்தல் அடியோடு நீங்கும்.

படத்தை வீட்டுத் திண்ணையிலிருந்து ஊகித்து வரைதல் கூடாது. நெல்லின் பின்னேயே சென்று, ஒவ்வொரு படியிலும் கழிந்த நேரத்தைக் குறித்து வரைதல் வேண்டும். பின்னர், “இப்படி அவசியமா? இதனை வேறோர் இடத்தில், வேறொரு வேளையில் செய்யலாகாதா?” என ஒவ்வொன்றையும் வினவுதல் நலம். ஒரு தாளும் எழுதுகோலுமே இதற்குச் செலவு. ஒரு போகத்தில் ஒருமுறை இதனைச் செய்து பார்க்கும் குடியானவர், மழைக்குமுன் தம் நெல்லைக் கரைசேர்க்கும் வழியைத் தாமே கண்டுகொள்வார்.