ரீஜன்ட் தெருவில் ஒரு போலந்துப் பிரபு

18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் போலந்தை முற்றாகப் பங்கிட்டுக்கொண்டன. அதன் பிறகு நிலத்தையும் செல்வாக்கையும் இழந்த பிரபுக் குடும்பத்தினர் பலர் பாரிசிலும் லண்டனிலும் இஸ்தான்புல்லிலும் அடைக்கலம் தேடினர். இன்றைய பெலாரஸ் நாட்டிலுள்ள மொகிலெவில் பிறந்த ஸ்தனிஸ்வாவ் யூலியன் ஓஸ்த்ரோருக் பிரபுவும் அவர்களுள் ஒருவர். கிரிமியப் போருக்குப் பின் மேற்கே வந்து 1862இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்ற அவர், ‘வலேரி’ என்னும் தொழிற்பெயருடன் மார்செய் நகரிலும் பாரிசிலும் நிழற்பட நிலையங்களை நடத்தினார். 1880களில் லண்டனில் தொழிலை நிறுவி, ரீஜன்ட் தெரு 164ஆம் எண் நிலையத்தைப் புகழ்பெறச் செய்தார்.

அங்கே வந்தவர்கள் வெறும் வாடிக்கையாளர்கள் அல்லர்; விக்டோரியா அரசியையே படமெடுத்த ஒருவர்முன் அமர்வதைச் சமூகத் தகுதியின் அடையாளமாகக் கருதியவர்கள். தாய்நாட்டில் பயனற்றுப்போன பிரபுப் பட்டம் லண்டனில் தொழில் மூலதனமாயிற்று எனலாம். நாடார் போன்ற பிரெஞ்சுக் கலைஞரின் படங்களில் காணும் உளஆழத்தை வலேரியிடம் எதிர்பார்க்க இயலாது. ஆயினும் உயர்குடியினர் தம்மை எவ்வாறு காண விரும்பினர் என்பதை அவரைப்போல் அறிந்தவர் சிலரே.

1888 முதல் ‘நம் புகழாளர்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் வெளிவந்த மாத வெளியீட்டில் அவருடைய படங்கள் ‘உட்பரி அச்சு’ முறையில் அச்சாயின. வால்டர் உட்பரி 1864இல் காப்புரிமை பெற்ற இம்முறையில், ஒளிபட்ட இடங்களில் இறுகும் வேதிப்பொருள் கலந்த ஜெலட்டின் படலத்தை எதிர்ப்படத்தின்கீழ் வைத்து வெளிச்சத்தில் காட்டி, இறுகாத பகுதியை வெந்நீரில் கழுவி நீக்குவர். மேடுபள்ளமாக எஞ்சும் அப்படலத்தை நீரழுத்தப் பொறியால் ஈயத் தகட்டில் அழுத்த, ஓர் அச்சு கிடைக்கும். அதில் நிறமி கலந்த ஜெலட்டினை ஊற்றித் தாளில் பதித்தால், மை தடித்த இடம் கருமையாகவும் மெலிந்த இடம் வெளிறியும் அமையும். வெள்ளி உப்பு இல்லாததால் இப்படங்கள் எளிதில் மங்குவதில்லை. நூற்றாண்டு கடந்தும் அவற்றின் நிழல்கள் ஆழம் குன்றாதிருப்பதற்கு இதுவே காரணம்.

ஓஸ்த்ரோருக் 1890இல் மறைந்தபின், அதே தொழிற்பெயரை ஏற்ற மகன், ஆல்பிரட் எல்லிஸ் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து அரங்கக் கலைஞர்களைப் படமெடுத்தார். தந்தையும் மகனும் ‘வலேரி’ என்றே கையொப்பமிட்டதால், தேதியில்லாத படங்களில் எது தந்தையுடையது, எது மகனுடையது என்று பிரித்தறிவது இன்றும் கடினமாகவே உள்ளது.