வயலில் எழுந்த வட்டம்

அயர்லாந்தின் பாய்ன் பள்ளத்தாக்கில் 2018 ஜூலை மாதம் கடும் வறட்சி. நியூகிரேஞ்ச் கல்லறைமேட்டுக்கு அருகே அந்தோனி மர்ஃபி, கென் வில்லியம்ஸ் இருவரும் ட்ரோன் பறக்கவிட்டார்கள். கீழே பயிரில் ஒரு மாபெரும் வட்டம் தெரிந்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணுக்குள் கிடந்த ஒரு சடங்குத் தலத்தின் சுவடு அது. 'ட்ரோன்ஹெஞ்ச்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ட்ரோன் என்ன, மண்ணைத் துளைத்தா பார்த்தது என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. அதிலிருந்தது சாதாரண கேமராதான். வட்டத்தைக் காட்டியது பயிர்.

அன்று மனிதர்கள் வெட்டிய அகழியும் கம்பம் நட்ட குழிகளும் காலப்போக்கில் வண்டலும் மட்கும் நிரம்பித் தூர்ந்துபோயின. மேலே உழுது சமப்படுத்திய நிலத்தில் அவற்றின் அடையாளம் எதுவும் இல்லை. ஆனால் அடியில் மண்ணின் ஆழம் மாறிவிட்டது. சுற்றிலும் ஓரடி, இரண்டடிக்குக் கீழே கெட்டியான அடிமண். அகழி இருந்த இடத்தில் மட்டும் ஈரம் பிடித்து வைக்கும் மென்மண் இன்னும் ஆழத்துக்கு இறங்குகிறது. பார்லியின் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே போகக்கூடியது.

ஒரே தெருவில் சம்ப் உள்ள வீட்டையும் குடத்தை மட்டும் நம்பும் வீட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை மழையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. சித்திரையில் தண்ணீர் லாரி வராத வாரம், யார் வீட்டு மாடியில் துணி காய்கிறது, யார் வீட்டுத் துளசி வாடுகிறது என்று பார்த்தாலே போதும். எந்தெந்த வீட்டுத் தரைக்கடியில் தொட்டி இருக்கிறது என்று தெருவுக்கே வரைபடம் போட்டுவிடலாம். இன்னும் ஒரு மாதம் லாரி வராவிட்டால் சம்பும் வற்றிவிடும், வரைபடமும் அழிந்துவிடும்.

வயலிலும் அப்படித்தான். சுற்றியுள்ள பயிர் வாடத் தொடங்கி, அகழிமேல் நிற்கும் பயிர் வாடாமல் இருக்கும் அந்த இடைவெளி சில நாட்களோ சில வாரங்களோதான். நல்ல மழை பெய்தால் கோடுகள் மங்கும். வறட்சி நீண்டால் எல்லாமே காய்ந்துவிடும். புதைந்த கற்சுவர் இருந்தால் கணக்கு தலைகீழ்: மேலே மண் ஆழமில்லாததால் அந்தக் கோட்டில் பயிர் முதலில் மஞ்சளாகும். ஒரு வீட்டின் அறைகள்கூட அப்படி வரிவரியாகத் தெரிவதுண்டு.

இது புதிய வித்தை அல்ல. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வில்லியம் கேம்டன் இங்கிலாந்தின் ரிச்பரோவில் பழைய ரோமானியத் தெருக்கள் பயிரில் தெரிவதைக் குறித்து வைத்தார். 1925இல் விமானி கில்பர்ட் இன்சால் இங்கிலாந்தில் மரக்கம்பங்கள் நட்ட பழங்கால வட்டமான வுட்ஹெஞ்சை வானிலிருந்து கண்டார்.

ஆனால் கோடு தெரிந்ததுமே 'புதைந்த நகரம்' என்று தலைப்பிடுவதை ஏற்க முடியாது. பனியுகத்தில் நிலம் வெடித்த பிளவுகளும், பழைய வடிகால்களும் இதே போன்ற கோடுகளைத் தரும். கோட்டின் வடிவம் ஓரளவு ஊகிக்க உதவும். காலத்தை உறுதிசெய்ய மண்ணைத் தோண்டியே ஆகவேண்டும். அது எளிதில் முடியும் வேலை அல்ல. யார்க்‌ஷையரில் கைவிடப்பட்ட வாரம் பெர்சி என்ற சிற்றூரின் வீட்டு மேடுகள் புல்வெளியாகக் கிடந்ததால் தப்பின. அங்கே 1950 முதல் 1990 வரை நாற்பது ஆண்டுகள் கோடையில் அகழாய்வு நடந்தது. ஒரு சிற்றூருக்கே அவ்வளவு காலம்!

உழவு நடக்கும் வயல்களிலோ ஆழக் கலப்பை ஒவ்வொரு முறையும் புதைந்த தடயங்களைக் கொஞ்சம் அரித்தெடுக்கிறது. அடுத்த முறை 'புதைந்த நகரம்' என்ற தலைப்போடு ஒரு வயல் படம் உங்கள் கைப்பேசிக்கு வந்தால் மூன்றைக் கேளுங்கள்: என்ன பயிர், எந்த மாதம், யாராவது தோண்டிப் பார்த்தார்களா? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், அந்தத் தலைப்பை நம்பாதீர்கள்.