எங்கோ நடுங்கிய நிலமும் விழிஞ்ஞத்துக் கடலும்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு விழிஞ்ஞம் புதிய ஊரன்று. நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர்த் தொலைவிலுள்ள அவ்வூர், பண்டு ஆய் மன்னரின் துறையாக விளங்கியது. பாண்டியரும் சோழரும் அதன்பொருட்டுப் போர் தொடுத்தனர். 2025ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் முறைப்படித் தொடங்கிவைக்கப்பெற்ற பெருந்துறைமுகத்தால், இன்று உலகக் கப்பல்கள் நாடிவரும் இடமாகவும் ஆகிவிட்டது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் மாலைப் பொழுதில் அவர்களை அங்கே அழைத்துச் செல்லாதார் நம்முள் எவர்?

அங்கே பாறைமுனையில் நின்று நோக்குவோர்க்கு மேற்கே அரபிக்கடல் விரிந்து கிடக்கும். சுமத்திராத் தீவோ நம் முதுகுப்புறத்தே, குமரிமுனைக்கும் இலங்கைக்கும் அப்பால், ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர்த் தொலைவில் இருக்கிறது. அங்கே நிலம் நடுங்கினால் இக்கடலுக்கு என்ன வந்தது என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. அக்கேள்விக்கு 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கொடிய விடையொன்று கிடைத்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 6 மணி 29 நிமிட அளவில் சுமத்திராவின் வடமேற்குக் கரையை அடுத்துக் கடலடி நிலம் பிளந்தது. அதிர்வின் அளவு 9.1. பிளவோ வடக்கே அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீண்டது. கடலின் அடித்தளம் திடீரென உயர்ந்தபோது, அதன்மேல் நின்ற நீர் முழுவதும் தூக்கியெறியப்பட்டது. காற்றால் எழும் அலை நீரின் மேற்பரப்பில் மட்டும் புரள்வது. இதுவோ அடிமுதல் முடிவரை கடலையே அசைப்பது.

இவ்வலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் விரையும் அது, 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டராகத் தளர்கிறது. முன்செல்லும் நீர் தளரப் பின்வரும் நீர் அதன்மேல் ஏறுகிறது. ஆழ்கடலில் படகோட்டியும் உணராத சிறு ஏற்றம், கரையருகே சுவராக எழுகிறது. ‘சுனாமி’ என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் ‘துறைமுக அலை’ என்றே பொருள்.

காலை 9 மணி அளவில் சென்னை, நாகப்பட்டினம் முதலிய கீழ்க்கரை ஊர்களை அவ்வலை தாக்கியது. மேற்குக் கரை இலங்கையின் மறைவிலும் குமரிமுனையின் மறைவிலும் இருந்தமையால், அங்கே தீங்கில்லை என்றே பலரும் எண்ணியிருக்கக்கூடும். ஆயின் அலை நேர்கோட்டில் மட்டும் செல்வதன்று. முனையைச் சுற்றி வளையும், தீவுத் தொடர்களில் மோதித் திரும்பவும் செய்யும். குளச்சலும் மணக்குடியும் அழிவுற்றன. நண்பகல் வேளையில் கொல்லம் மாவட்டத்து ஆலப்பாட்டில், கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பின்மீது கடல் புகுந்தது. கேரளத்தில் மாண்டோர் ஏறத்தாழ 170 பேர். அவருள் பெரும்பாலோர் அக்கரையினர். அலை ஆப்பிரிக்காவின் சோமாலியா வரை சென்று உயிர் குடித்தது. உலகெங்கும் மாண்டோர் தொகை 2 லட்சத்து 27 ஆயிரத்தைக் கடந்தது.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். சென்னை தாக்குண்டதற்கும் ஆலப்பாடு தாக்குண்டதற்கும் இடையே ஏறத்தாழ மூன்று மணி நேரம் இருந்தது. தொலைபேசி இருந்தது; தொலைக்காட்சி இருந்தது. கிழக்கே வந்தது மேற்கேயும் வரும் என்னும் அறிவு ஒன்றே இல்லாதிருந்தது.

அதன் பின்னர் 2007ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பெற்றது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் சுமத்திராவை அடுத்து 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை விரைவில் வந்தது. அன்று நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நழுவினவேயன்றி மேலெழவில்லை. ஆதலின் பேரலை தோன்றவில்லை. அதுகொண்டு எச்சரிக்கை வீண் என்று கருதுவது பேதைமை.

எச்சரிக்கை இருப்பது வேறு, அது உரியவரைச் சென்றடைவது வேறு. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் எழுந்தபோது, முன்னரே கடல் சென்றிருந்த விழிஞ்ஞம், பூந்துறை, குமரிக் கரை மீனவர் பலர் மீளவில்லை. அத்துயரம் இன்றும் அக்கரையில் ஆறவில்லை.

சுமத்திராவை அடுத்த சிமலூ என்னும் தீவின் மக்கள் 1907ஆம் ஆண்டின் பேரலையை மறவாது, நிலம் நடுங்கிக் கடல் பின்வாங்கினால் குன்றேறுக என்று தலைமுறைதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 2004இல், நடுங்கிய இடத்தின் அருகிலேயே இருந்தும், ஏறத்தாழ 78,000 பேருள் 7 பேரே அங்கு மாண்டனர். நமக்கோ அந்த நடுக்கம் பெரும்பாலும் தெரியாது. நமக்குச் செய்தியே நடுக்கம்.

ஆகவே சங்க அன்பர்கள் சிலவற்றைத் தம் இல்லத்தில் சொல்லி வைத்தல் நன்று. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க இறங்கலாகாது. முதல் அலையே பெரிய அலை என்று எண்ணலாகாது. பின்வருவன பெரியனவாகலாம், பல மணி நேரம் தொடரலாம். விழிஞ்ஞத்தில் கரையை அடுத்தே மேட்டுநிலம் உண்டு. அங்கே ஏறுவதே காப்பு. ஆழ்கடலில் இருக்கும் படகினர் அலை ஓயும் வரை துறைக்குத் திரும்பலாகாது.

பிழைப்பின்பொருட்டு ஊர்விட்டு வந்த நமக்குக் கீழ்க்கரையிலும் உற்றார் உண்டு, மேல்கரையிலும் அண்டை அயலார் உண்டு. நாகையிலிருந்து ஒரு துயரச் செய்தி வந்தால், அழுவதற்கு முன் விழிஞ்ஞத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். அம்மூன்று மணி நேரம் இனியொரு முறை வீணாகாதிருக்கட்டும்.