6174 (எண்)

6174 என்பது 6173க்கும் 6175க்கும் இடைப்பட்ட இயற்கை எண் ஆகும். மகாராட்டிர மாநிலம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய டி. ஆர். காப்ரேகர் (1905–1986) இதன் சிறப்புப் பண்பை 1949 இல் கண்டறிந்தார். எனவே இது காப்ரேகர் மாறிலி எனப்படுகிறது.

பண்பு

எல்லா இலக்கங்களும் ஒன்றாக அமையாத ஏதேனும் ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்துக்கொள்க. அதன் இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறு வரிசையில் எழுதிய எண்ணைக் கழிக்க. விடை மூன்றிலக்கமாயின் முன்னே சுழியம் சேர்க்க. இவ்வாறே தொடர்ந்தால், அதிகபட்சம் ஏழு கழித்தல்களில் 6174 கிடைக்கும். அதன்பின் விடை மாறாது.

எடுத்துக்காட்டு: 7456

7654 − 4567 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174
7641 − 1467 = 6174

காரணம்

இறங்கு வரிசையில் இலக்கங்கள் அ, ஆ, இ, ஈ எனில்,

வித்தியாசம் = 999 × (அ − ஈ) + 90 × (ஆ − இ)

அதாவது, விடை இவ்விரு வேறுபாடுகளை மட்டுமே சார்ந்தது. முதலாவது 1 முதல் 9 வரை அமையும்; இரண்டாவது அதை விஞ்சாது. ஆகவே முதற்கழித்தலில் 54 விடைகளே இயலும். அவற்றைச் சரிபார்த்தாலே எல்லா எண்களுக்கும் இப்பண்பு நிறுவப்பட்டுவிடும்.

பிற பண்புகள்

* 6174 = 2 × 3² × 7³
* 6174 = 18³ + 18² + 18
* இலக்கங்களின் கூட்டுத்தொகையான 18 ஆல் 6174 மீதியின்றி வகுபடும்.
* மூவிலக்க எண்களுக்கு இதே முறையில் கிடைக்கும் மாறிலி 495 ஆகும்.